விலாசம் மாறிற்று; வீடு உடையவில்லை

கணினியைப் பற்றிய செய்தியிலே ஒரு சொல் பிழைத்தால், பொருள் முழுவதுமே பிழைத்துவிடும். இலங்கையின் அண்மைக்கால வரலாற்றிலே இதற்கு இரண்டு சான்றுகள் உண்டு.

1998ஆம் ஆண்டிலே, வெளிநாடுகளிலிருந்த இலங்கைத் தூதரகங்களின் மின்னஞ்சற் பெட்டிகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மடல்களாக, இரண்டு வாரங்கள் வரையில் வந்து குவிந்தன. அனுப்பியோர் தம்மை ‘இணையக் கரும்புலிகள்’ என்று கூறிக்கொண்டனர். ஒரு நாட்டின் கணினி அமைப்புகளைப் பயங்கரவாதிகள் தாக்கிய முதல் நிகழ்ச்சி இதுவே என அமெரிக்க அதிகாரிகள் உரைத்தனர். உலகப் பத்திரிகைகளும் அவ்வாறே எழுதின. நிகழ்ந்தது யாது? கடிதப் பெட்டி நிரம்பி வழிந்தது. அலுவல் தடைப்பட்டது மெய்யே; ஆயினும், கணினியின் குறையொன்றைக் கண்டுபிடித்து எவரும் உள்ளே நுழைந்தாரல்லர்.

இரண்டாவது சான்று 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள், சுதந்திர தினத்துக்கு இரு நாட்களின் பின் நிகழ்ந்தது. அன்று அதிகாலையில் கூகுளின் இலங்கை முகவரியைத் தட்டியோர் முன் வேறொரு பக்கம் தோன்றிற்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் துயர், பத்திரிகைச் சுதந்திரம், சிறுபான்மையினர் குறைகள் முதலியன அதில் எழுதப்பட்டிருந்தன. ‘கூகுள் ஊடுருவப்பட்டது’ என்ற பேச்சு விரைந்து பரவிற்று.

உண்மையை உணர ஓர் உவமை உதவும். கொழும்பு 6 என்பது வெள்ளவத்தை. கொழும்பு 13 என்பது கொட்டாஞ்சேனை. தபாற் கந்தோரின் பதிவேட்டிலே, வெள்ளவத்தைவாசி ஒருவரின் பெயருக்கு நேரே கொட்டாஞ்சேனை விலாசத்தை எவனோ எழுதிவிட்டான் எனக் கொள்க. கடிதங்கள் கொட்டாஞ்சேனைக்குப் போகும். வெள்ளவத்தை வீட்டின் பூட்டோ உடையாது. இணையத்திலும் தளங்களின் பெயரையும் அவற்றுக்குரிய எண் முகவரியையும் இணைத்துக் காட்டும் பதிவேடு உண்டு. இலங்கைக்குரிய ‘எல்கே’ என முடியும் பெயர்களின் பதிவேட்டிலேதான் அன்று சில குறிப்புகள் மாற்றப்பட்டன. பதிவகம் காலை 8.30 மணியளவில் அவற்றைச் சீர்செய்தது. கூகுளின் கணினிகள் உடைக்கப்படவில்லை.

வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம், விளைவோ பெரிது. கூகுளே உடைந்ததென்று நம்பியவர், தம் மடல்களும் படங்களும் களவுபோயினவென வீணே அஞ்சுவார். மெய்யான ஆபத்தையோ அவர் அறியார். திசைமாற்றிய கைகள் துயர்க்குறிப்புக்குப் பதிலாக, வங்கியொன்றின் பக்கத்தைப் போலப் போலிப் பக்கமொன்றை வைத்திருப்பின், மக்கள் தம் கடவுச்சொல்லைத் தாமே எழுதிக் கொடுத்திருத்தலும் கூடும். பல நிறுவனங்களின் பெயர்களைத் தாங்கும் பதிவேடு எவ்வாறு காக்கப்படுகிறது என்பதே அன்று எழவேண்டிய வினா. பெரிய பெயரொன்றைச் சுற்றி எழுந்த ஆரவாரத்திலே அவ்வினா அமிழ்ந்தது.

கள்வன் புகுந்த வாயிலைச் சரியாகச் சொல்லாத செய்தி, மற்றொரு வாயிலையே பூட்டச் செய்யும்.