மெக்ரே கண்ட நீதி

துப்பறியும் கதை என்றதும் நம் நினைவுக்கு வருவது கைவிலங்குதான். குற்றவாளி பிடிபட்டதும் நாம் நூலை மூடிவிடுகிறோம். பெல்ஜியத்தில் 1903-இல் பிறந்த ஜார்ஜ் சிமெனோன் படைத்த பாரிஸ் காவல் அதிகாரி மெக்ரேயோ, அத்துடன் நின்றுவிடுபவரல்லர். ‘இவன் ஏன் இதைச் செய்தான்?’ என்பதே அவரது வினா.

1931-இல் வெளிவந்த ‘ஒரு மனிதனின் தலை’ புதினத்தில், அவர் கைது செய்த ஏழை இளைஞன் ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. அவன் நிரபராதி என்ற எண்ணம் மெக்ரேயை உறுத்துகிறது. தம் பதவியையே பணயம் வைத்து, அவன் சிறையிலிருந்து தப்ப வழிசெய்கிறார். அவனைப் பின்தொடரச் செய்து, உண்மைக் கொலையாளியான ராடெக்கை அடைகிறார். வறுமையும் நோயும் அந்த அறிவாளியின் உள்ளத்தை எவ்வாறு நஞ்சாக்கின என்பதையும் உணர்கிறார். ஆயினும் அவனை விட்டுவிடவில்லை. தண்டனை நிறைவேறும் விடியலில், அங்கே வந்து நிற்கிறார்.

புரிந்துகொள்வது வேறு, விடுவிப்பது வேறு என்பதை நாம் இங்கே காண்கிறோம். பிரான்சில் மரண தண்டனை 1981-இல்தான் ஒழிந்தது. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இக்கதை உணர்த்திய உண்மை ஒன்றுண்டு: தீர்ப்பில் நேர்ந்த பிழையைத் திருத்த வேண்டுமாயின், தீர்ப்புக்குள்ளானவன் உயிரோடிருக்க வேண்டும். தம் பிழையை ஐயுற்ற அதிகாரியாலேயே அவ்விளைஞன் பிழைத்தான்.