துக்பா (கொல்கத்தா)

துக்பா என்பது கோதுமை மாவு நூடுல்ஸை இறைச்சிச் சாற்றிலோ காய்கறிச் சாற்றிலோ வேகவைத்து, சாறோடு சேர்த்து ஒரே கிண்ணத்தில் தரும் திபெத்திய உணவு. மேற்கு வங்காளத்தின் டார்ஜிலிங், காலிம்போங் மலையூர்களில் வீட்டுச் சமையலாக இருந்தது. கொல்கத்தாவுக்கு இறங்கி வந்ததும் கடைச் சாப்பாடானது. காளிகாட் மெட்ரோ நிலையத்திலிருந்து வடக்கே மூன்றாவது நிறுத்தம் ரவீந்திர சதன். அதை ஒட்டி, எல்ஜின் சாலைக்குப் பக்கத்தில் போகும் சபர்பன் ஹாஸ்பிடல் சாலையில் இந்த வகைக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மோமோ என்ற கொழுக்கட்டைக்குத்தான் அங்கே கூட்டம் அதிகம். ஆனால் அந்தச் சமையலறைகளின் திறமை தெரிவது துக்பாவில்.

பெயர்

திபெத்திய மொழியில் 'துக்பா' நூடுல்ஸுக்கு மட்டும் உரிய சொல் அன்று. அரிசியில் காய்ச்சினால் ட்ரேதுக், வறுத்த பார்லி மாவான சாம்பாவில் காய்ச்சினால் சாம்துக். நாம் அரிசியில் செய்தாலும் கேழ்வரகில் செய்தாலும் கம்பில் செய்தாலும் கஞ்சி என்றே சொல்வதைப் போன்றது இது. மலையை விட்டு இறங்கிய பிறகு சொல்லின் பொருள் குறுகியது. கொல்கத்தாவில் துக்பா என்றால் நூடுல்ஸ் சூப்தான். வேறு எதையும் அந்தப் பெயரால் யாரும் கேட்பதில்லை.

சாப்பிடுவதா, குடிப்பதா என்ற குழப்பம் தமிழருக்கு வரலாம். வங்காளிக்கு அது இல்லை. தண்ணீரையும் 'சாப்பிடுகிற' மொழி அது.

தொன்மை

நூடுல்ஸின் தாயகம் சீனா. கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய நூடுல்ஸ், சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் மஞ்சள் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள லாஜியா என்ற தொல்லியல் தளத்திலிருந்து வந்தது. நிலநடுக்கமும் வெள்ளமும் ஒருசேர அழித்த ஊர் அது. மூன்று மீட்டர் வண்டலுக்கு அடியில் ஒரு மண்கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தூக்கியபோது மஞ்சள் நிற இழைகள் சுருண்டிருந்தன. நீளம் 50 சென்டிமீட்டர் அளவு, தடிமன் 0.3 சென்டிமீட்டர். வயது சுமார் 4,000 ஆண்டுகள். இந்தச் செய்தி 2005-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

இழைகள் கோதுமையால் ஆனவை அல்ல. தினையும் பனிவரகும் கலந்தவை. தமிழ் வாசகர் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. கோதுமை மாவைப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் நீரோடு சேர்ந்து வலைபோல் பின்னிக்கொள்ளும். குளூட்டன் எனப்படும் அந்தப் பின்னல்தான் மாவை இழுக்க இழுக்க நீளவைக்கிறது. தினையிலும் அரிசியிலும் குளூட்டன் கிடையாது. அரிசி மாவை இழுத்தால் அறுந்துவிடும். அதனால்தான் நம் வீட்டில் இடியாப்பத்துக்கு அச்சு தேவைப்படுகிறது. லாஜியாவின் இழைகளும் அச்சில் பிழியப்பட்டவையாக இருக்கலாம். அப்படியானால், உலகின் மூத்த நூடுல்ஸ் செய்முறையில் நம் இடியாப்பத்துக்குத்தான் நெருங்கிய உறவு. கையால் இழுக்கும் கோதுமை நூடுல்ஸ் பின்னால் வந்த தம்பி.

அந்தத் தம்பியின் முதல் தெளிவான செய்முறை ஆறாம் நூற்றாண்டில் கிடைக்கிறது. ஜியா சிசியே எழுதிய 'சிமின் யாவ்ஷு' என்ற வேளாண் நூல் அதைச் சொல்கிறது. சலித்த மாவை ஆறிய இறைச்சிச் சாறு விட்டுப் பிசைய வேண்டும். உணவுக்குச்சி பருமனுக்கு உருட்டி, ஓரடித் துண்டுகளாக்கித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு பானையின் விளிம்பருகே கையால் அழுத்தி, பூண்டுத் தாள்போல மெலிதாக்கிக் கொதிநீரில் விட வேண்டும். கட்டையோ கத்தியோ இல்லாமல், கையிலிருந்து நேரே பானைக்குப் போகிறது மாவு. இன்று கொல்கத்தாவில் தென்துக் என்ற கையால் பிய்க்கும் துக்பாவைச் செய்கிறவர் செய்வதும் ஏறத்தாழ இதுதான். அதற்கு முன்பு, ஹான் காலத்திலிருந்தே, கோதுமை மாவுப் பண்டங்களை எல்லாம் 'பிங்' என்ற ஒரே சொல்லால் குறித்து வந்தார்கள். மாவுக் கயிற்றை மடித்து மடித்து இழுத்து நூலாக்கும் முறை இன்னும் பிந்தியது. 1504-ஐச் சேர்ந்த மிங் காலச் சமையல் நூல் ஒன்று அதை விவரிக்கிறது.

திபெத்தின் பீடபூமியில் முதன்மைத் தானியம் பார்லி, கோதுமை இரண்டாமிடம்தான். நீள நூடுல்ஸ் சீனாவிலிருந்து அங்கே போனது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. நீள நூடுல்ஸ் துக்பாவுக்கு உள்ள ஜியாதுக் என்ற பெயரில் 'ஜியா' என்பதற்குச் சீனம் என்றே பொருள்.

வகைகள்

கொல்கத்தா கடைகளில் எல்லாவற்றுக்கும் துக்பா என்ற ஒரே பெயர் போதும் என்றாகிவிட்டது. ஆனால் மாவை என்ன செய்கிறோம் என்பதை வைத்து இவற்றை வேறுபடுத்த வேண்டும். சாற்றை வைத்துப் பிரிப்பது சரியான வகைப்பாடு ஆகாது.

ஜியாதுக் நீள இழை நூடுல்ஸ். முட்டை சேர்த்துப் பிசைவதும் உண்டு. கடைகளில் பெரும்பாலும் இதுதான் வருகிறது. இழைகளைப் பட்டறையிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம், கேட்டதும் சாற்றில் போட்டுக் கொடுத்துவிடலாம்.

தென்துக் கையால் இழுத்துப் பிய்ப்பது. 'தென்' என்றால் இழு. மைதாவைத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாகப் பிசைந்து, எண்ணெய் தடவி மூடி அரைமணி நேரம் வைக்கிறார்கள். இந்த ஓய்வு இல்லாவிட்டால் மாவு ரப்பர்போல் பின்வாங்கும். பிறகு விரல் பருமனில் கயிறாக உருட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பட்டையாக்குகிறார்கள். பட்டையின் ஒரு நுனி இடது மணிக்கட்டின்மேல் தொங்கும். வலக்கை இழுக்கும், பிய்க்கும், கொதிக்கும் சாற்றுக்குள் எறியும். ஒவ்வொரு துண்டும் கட்டைவிரல் நீளம். கை பழகியவர் அடுத்தவரோடு பேசிக்கொண்டே ஒரு கிண்ணத்துக்கான மாவைச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார். துண்டுகளின் ஓரம் மெலிந்தும் நடு தடித்தும் இருப்பதால், ஒரே வாயில் வழவழப்பும் கடிபடுதலும் சேர்ந்து கிடைக்கும். மாவிலிருந்து பிரியும் பொடி சாற்றையும் லேசாகக் கெட்டிப்படுத்தும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் மீ ஹூன் குவே சாப்பிட்டிருந்தால் இது புரிய நேரமாகாது. அங்கே நெத்திலிச் சாறு, இங்கே ஆட்டெலும்பு அல்லது கோழிச் சாறு. மாவைப் பிய்க்கும் கை ஒன்றுதான்.

பக்துக்கில் மாவைக் கோலிக்காய் அளவு கிள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் சின்னச் சிப்பிபோல் சுருளும். வேலை அதிகம் என்பதால் கடைகளில் அரிது.

குதுக் பண்டிகை உணவு. 'கு' என்றால் ஒன்பது. ஒன்பது பொருள்கள் சேர வேண்டும். திபெத்தியப் புத்தாண்டான லோசாருக்கு முன், பன்னிரண்டாம் மாதத்தின் 29-ஆம் இரவில் வீட்டில் செய்வார்கள். ஒவ்வொருவர் கிண்ணத்திலும் ஒரு பெரிய மாவு உருண்டை இருக்கும், அதனுள் ஏதாவது ஒளித்திருக்கும். மிளகாய் வந்தால் வாயாடி, கரித்துண்டு வந்தால் மனம் கறுத்தவர், வெள்ளைக் கம்பளி வந்தால் நல்ல மனசுக்காரர். எல்லோரும் எல்லோரையும் கேலி செய்து முடிந்தபின் ஆண்டு கழிகிறது. இதைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டால் பாதிச் சுவை போய்விடும்.

நேபாளிக் கைப்பக்குவத்தில் சாறு வேறாகும்: சீரகம், மஞ்சள், தக்காளி சேரும். திபெத்தியச் சாறு தெளிவானது. இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், உப்பு, அவ்வளவே. இரண்டுக்கும் ரசிகர்கள் உண்டு என்றாலும் மாவின் சுவையை மறைக்காதது திபெத்திய முறைதான்.

கொல்கத்தாவுக்கு வந்த வழி

நூடுல்ஸை இந்த நகரத்துக்கு அறிமுகப்படுத்தியவர்கள் திபெத்தியர் அல்லர், சீனர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், தோங் அச்சூ என்ற சீன வணிகர் பஜ்பஜ் அருகே ஹூக்ளிக் கரையில் ஆண்டுக்கு 45 ரூபாய் வாடகைக்கு 650 பிகா நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். அவருடைய கல்லறைக்குச் சீனப் புத்தாண்டை ஒட்டி மக்கள் போகிறார்கள். சர்க்கரைக்கு 'சீனி' என்ற பெயர் இவரால்தான் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. சொல் அவருக்கு மூத்தது.

சீனர்கள் பிறகு லால்பஜார் பக்கம் டிரெட்டா பஜாரில் குடியேறினார்கள். காண்டனியர் தச்சர்கள், ஹுபேக்காரர்கள் பல் மருத்துவர்கள், ஹக்காக்கள் செருப்பும் தோலும் செய்தவர்கள். 1920-களில் பிளாக்பர்ன் சந்தில் நான்கிங் உணவகம் எழுந்தது. கணேஷ் சந்திர அவென்யூவில் உள்ள ஓ சூ உணவகமும் அந்தக் காலத்தது. கிழக்கே டாங்ராவில் ஹக்காக்களின் தோல் பதனிடும் கூடங்கள் பெருகின. அங்கே மத்தேஸ்வர்தலா சாலையில் ஒரு சீனக் காளி கோயில் இருக்கிறது. நூடுல்ஸும் சாப்ஸூயியும் அம்மனுக்குப் படைக்கப்பட்டுப் பிரசாதமாகக் கிடைக்கும். காளிகாட் காளி கோயிலில் ஆட்டுக்கறி படைப்பதைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள் வியப்பார்கள், ஆனால் ஆராய்ந்தால் இரண்டுமே அந்தந்த வீட்டு அடுப்பில் இருப்பதைத் தாய்க்குக் கொடுப்பதுதான்.

1962-இன் இந்திய-சீனப் போர் இந்தச் சமூகத்தை உடைத்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து சுமார் 3,000 சீன வம்சாவளியினர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். விடுதலையானவர்களில் பலர் கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்விட்டார்கள். தோல் கூடங்களை நகரத்துக்கு வெளியே மாற்ற 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு, டாங்ராவில் கூடங்களின் இடத்தை உணவகங்கள் பிடித்துக்கொண்டன.

திபெத்தியர் வந்த பாதை மலை வழி. 1959 மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பி வந்தார். அவரைத் தொடர்ந்து பல்லாயிரம் பேர். அதே ஆண்டு அக்டோபரில் டார்ஜிலிங்கில் திபெத்திய அகதிகள் சுயஉதவி மையம் தொடங்கியது. அதற்கு வெகுமுன்பே லாசாவின் கம்பளி, ஜெலெப் லா கணவாய் வழியே காலிம்போங் வந்து, அங்கிருந்து கொல்கத்தாத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எனவே அகதிகளுக்கு இது முன்பின் தெரியாத நகரம் அல்ல. குளிர்காலத்தில் வெலிங்டன் சதுக்கத்தில் திபெத்தியர் ஸ்வெட்டர் விற்பதைக் கொல்கத்தா இன்றும் பார்க்கிறது. சமையல் அவர்களோடும், டார்ஜிலிங், சிக்கிம் பக்கத்திலிருந்து படிக்கவும் வேலைக்கும் வந்த நேபாளி, லெப்சா, பூட்டியா இளைஞர்களோடும் இறங்கியது. எல்ஜின் சாலைப் பக்கத்துக் கடைகளின் முதல் வாடிக்கையாளர்கள் ஊர் ஏக்கம் பிடித்த இந்த மலைப் பிள்ளைகள்தான். வங்காளிகள் பிறகு வந்தார்கள்.

தமிழருக்கு இதோடு ஒப்பிட ஒரு கதை உண்டு. 1960-களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் சென்னை பாரிமுனையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸையும் வாழைத்தண்டு சூப்பையும் விற்றார்கள். அகதி முதலில் விற்பது தன் வீட்டு இரவுச் சாப்பாட்டைத்தான்.

கடையும் கிண்ணமும்

கடைகள் சிறியவை. நாலைந்து மேசை, இடம் இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையைப் பகிர வேண்டியதுதான். சுவரில் பொட்டாலா அரண்மனைப் படம், பக்கத்தில் தலாய் லாமா படம். மேசையில் சோயா சாஸ், பச்சை மிளகாய் ஊறிய வினிகர், சிவப்புச் சட்னி. மோமோ கேட்டால் சின்னக் கிண்ணத்தில் தெளிந்த சாறு இலவசமாக வரும். அதைச் சுவைத்தாலே கடையின் துக்பா எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். சிக்கிம், டார்ஜிலிங்கின் உருண்டை மிளகாயான டல்லேயைச் சட்னியில் அரைத்த கடை என்றால், ஒரு துளியில் தொடங்குவது நல்லது.

துக்பா பெரிய கிண்ணத்தில் ஆவி பறக்க வருகிறது. கீரை, கேரட், முட்டைக்கோஸ், மேலே இறைச்சித் துண்டுகள். ஒரு கிண்ணம் ஒரு வேளைச் சாப்பாடு, சோறு தேவையில்லை. காளிகாட்டை அடுத்த லேக் மார்க்கெட்டில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் சைவம் உண்போர் நிறைய. மரக்கறித் துக்பா எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் சாறு எதில் காய்ச்சியது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே பானைச் சாற்றை ஊற்றும் கடைகளும் உண்டு.

இன்றைய நிலை

2008-இல் கொல்கத்தாவில் தொடங்கிய வாவ்! மோமோ நாடு முழுதும் கிளை விரித்திருக்கிறது. துக்பாவுக்கு அப்படிப்பட்ட தொடர்க்கடை எழவில்லை. கடைக்குள் நுழைந்து வெறுமனே துக்பா என்று கேட்டால் ஜியாதுக்தான் வரும். கையால் இழுத்தது வேண்டுமானால் தென்துக் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், கால்மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும்.