கொரோனா ஏன் உருமாறுகிறது? நாம் செய்யக்கூடியது என்ன?

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமம் இருக்கும் பகுதி, உலகமே வந்து தங்கிப்போகும் இடம். வெளிநாட்டினர் மாதக்கணக்கில் வாடகை வீடெடுத்துத் தங்குவார்கள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடப்பார்கள். 2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. கிரிவலத் தடை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது. ஆட்டோ ஓட்டுபவர், டீக்கடைக்காரர், அறை வாடகைக்கு விடுபவர் என அந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு, புதிய உருமாற்றம் என்ற செய்தி வந்தாலே வயிறு கலங்கும்.

உருமாற்றம் என்பது மர்மமல்ல. கொரோனா வைரஸின் மரபணுவில் சுமார் 30,000 எழுத்துகள் உள்ளன. நம் செல்லுக்குள் புகுந்து அது தன்னைப் படியெடுக்கும்போது சில எழுத்துகள் பிழையாகிவிடும். மதரஸாக்களில் கையால் படியெடுத்த பழைய கிதாபுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரும்பாலான பிழைகளால் வைரஸுக்குப் பயனில்லை. அபூர்வமாக ஒன்று, வேகமாகப் பரவவோ, நம் எதிர்ப்புச் சக்திக்குத் தப்பவோ உதவிவிடுகிறது. தொற்று கூடக் கூடப் படிகள் கூடும், பிழைகளும் கூடும். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த நோயாளிகளின் உடலில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கி, பல மாற்றங்களைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு.

டெல்டா 2020 இறுதியில் இந்தியாவில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டின் இரண்டாம் அலையில் எத்தனை ஜனாஸாக்கள் என்பதை நாம் மறக்கவில்லை. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா அறிவித்த ஒமைக்ரானின் முள்புரதத்தில் மட்டும் 30க்கு மேற்பட்ட மாற்றங்கள். டிசம்பர் 15 அன்று, நைஜீரியாவிலிருந்து சென்னை வந்த பயணியிடம் அது உறுதியானது. சில வாரங்களில் மூன்றாம் அலை.

மரபணுவைப் படித்தால்தான் புதிய வகை தெரியவரும். தமிழக அரசு அதற்கென 2021 செப்டம்பரில் சென்னையில் ஆய்வகம் திறந்தது. ஆனால் அங்கே போவது நாம் கொடுக்கும் மாதிரிதான். காய்ச்சலோடு கசாயம் குடித்துவிட்டுப் பரிசோதனையைத் தவிர்த்தால் ஆய்வகம் எதைப் படிக்கும்?

தடுப்பூசி தொற்றை முழுதாக நிறுத்தாது; நோய் முற்றி உயிருக்கு ஆபத்தாவதைப் பெருமளவு குறைக்கும். முதியோரும் சர்க்கரை, சிறுநீரக நோயாளிகளும் அடுத்த தவணை பற்றி மருத்துவரிடம் கேட்கட்டும், வாட்ஸ்அப்பிடம் வேண்டாம். கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்களே சிரியா பயணத்தைப் பாதியில் நிறுத்தித் திரும்பினார்கள். இருமல் உள்ளவர் வீட்டில் தொழலாம். முஸாஃபஹாவுக்குப் பதில் ஸலாம் போதும். உம்ரா முடித்து வந்தவருக்குக் காய்ச்சல் இருந்தால் உறவினரைச் சில நாள் கழித்து வரச் சொல்லலாம். ஜம்ஜமும் பேரீச்சையும் அப்போது கொடுத்தால் போதும்.