எடை கூடும் பிள்ளை

1991இல் அமெரிக்காவில் ஓர் ஊசி மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பிரசவத்துக்குப் பின் வீணாகும் நஞ்சுக்கொடிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி, அவற்றிலிருந்து ஒரே ஒரு நொதியைப் பிரித்தெடுத்துச் செய்த மருந்து அது. 1882இல் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவர் முதலில் விவரித்த பரம்பரை நோய்க்கானது. அந்த நொதி குறைந்தால் ஒருவகைக் கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தேங்கும். குழந்தையின் வயிறு உப்பும், ரத்தம் குறையும், எலும்பு வலுவிழக்கும். மூன்றே ஆண்டுகளில் நஞ்சுக்கொடி தேவைப்படாத மருந்தும் வந்தது. விலை மட்டும் ஏழைக்கு எட்டவில்லை.

எட்டாத மருந்தை அரசிடம் உரிமையாகக் கேட்க முடியுமா? நம் அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைப் பட்டியலில் ‘மருத்துவம்’ என்று ஒரு வரி கிடையாது. 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள்ளிருந்து நீதிமன்றங்கள்தாம் அதை மெல்ல மெல்ல வெளியே கொண்டுவந்தன. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை, இடமில்லை, வசதியில்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச்சொன்ன உச்ச நீதிமன்றம், பணமில்லை என்று காரணம் காட்டி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று 1996இல் தீர்ப்பளித்தது. ஆனால் அது விபத்து, ஒருமுறைச் செலவு. ஆயுள் முழுக்க மருந்து வேண்டுமென்றால்?

அந்தக் கேள்வி 2014இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ரிக்‌ஷா தொழிலாளி ஒருவரின் மகனுக்குக் கோஷே நோய். அதே நோய்க்கு அந்த வீடு ஏற்கெனவே பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தது. அரசிடம் இருக்கும் பணம் அளவானதுதான் என்பதை நீதிபதி மன்மோகன் மறுக்கவில்லை. ஆனாலும், ஏழை என்பதற்காக ஓர் உயிரைச் சாகவிட முடியாது என்றார். எய்ம்ஸில் அந்தச் சிறுவனுக்கு இலவசமாக மருந்து கொடுக்கத் தில்லி அரசுக்கு உத்தரவிட்டார். இந்திய மருத்துவ வரலாற்றில் தனி இடம் பெறவேண்டிய தீர்ப்பு இது.

பிறகு கோப்புகள் நகர்ந்தன, நின்றன. 2017இல் 100 கோடி ரூபாய் நிதியோடு அரிய நோய்களுக்கான மத்திய அரசின் கொள்கை வந்தது; 2018 டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. 2021இல் வந்த புதிய கொள்கை நோய்களை மூன்றாகப் பிரித்தது. வாழ்நாள் முழுக்க விலையுயர்ந்த மருந்து தேவைப்படும் மூன்றாம் பிரிவில்தான் கோஷே இருக்கிறது. அதற்கு அரசு நிதி ஒதுக்காமல், இணையத்தில் நன்கொடை திரட்ட வழி சொன்னது. நோயாளியின் பெற்றோரை நன்கொடையாளர்களின் கருணைக்குக் காத்திருக்க வைப்பதை உரிமை என்று எப்படிச் சொல்வது? 2022 மே மாதம் அது மாறியது: எல்லாப் பிரிவு நோயாளிகளுக்கும் தலா 50 லட்சம் ரூபாய்வரை உதவி. 2024 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் இரண்டு நிதியாண்டுகளுக்கு 974 கோடி ரூபாய் ஒதுக்கி, அரிய நோய்களுக்கென்று தேசிய நிதியம் அமைக்கச் சொன்னது.

50 லட்சம் பெரிய தொகைதான். ஆனால் இந்த மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உடல் எடைக்கு ஏற்ற அளவில் ஏற்றுகிறார்கள். மருந்து வேலை செய்தால் பிள்ளை தேறும், வளரும், எடை கூடும். எந்தத் தாயும் மகிழ்ந்து பார்க்கும் அந்தக் கூடுதல் கிலோ ஒவ்வொன்றும், மிச்சமிருக்கும் பணத்தை முன்னதாகவே தீர்த்துவிடுகிறது.