மொனேயும் எத்ரெத்தாப் பாறைகளும்

நோர்மண்டிக் கரையிலுள்ள எத்ரெத்தாவில் வெண்சுண்ணப் பாறைகள் வளைவுகளாகக் கடலினுள் இறங்குகின்றன. 1883 இன் தொடக்கத்தில் குளோட் மொனே அங்குச் சென்றபோது அவை ஓவியருலகிற்குப் புதியனவல்ல. 1869 இல் கூர்பே அவற்றை வரைந்திருந்தார். அவருக்குப்பின் அதே பாறையை வரைதல் பெருந்துணிச்சல் என மொனேயே கடிதமொன்றில் ஒப்புக்கொண்டார்.

மனப்பதிவு வாதிகளின் ஓவியங்கள் கணப்பொழுதில் அவசரமாகத் தீட்டப்பட்டவை என்ற எண்ணம் இன்றும் நிலவுகின்றது. எத்ரெத்தா அதனை மறுக்கின்றது. 1885 இல் மொனேயை அங்குக் கண்ட எழுத்தாளர் மாப்பசான், ஒரே காட்சியை வெவ்வேறு வேளைகளிற் காட்டும் ஐந்தாறு திரைகளைச் சிறுவர் சுமந்துவந்தனர் என்றும், ஒளி மாறுந்தோறும் மொனே ஒன்றை வைத்து மற்றொன்றை எடுத்தார் என்றும் அடுத்த ஆண்டு எழுதினார். வேண்டிய ஒளி மீளும்வரை காத்திருத்தலும் தொழிலின் ஒரு பகுதியே. அது ஆபத்தற்றதுமன்று. 1885 நவம்பரில், கடல் வற்றும் நேரத்தைத் தவறாகக் கணித்து மன்போர்த் வளைவருகே வரைந்துகொண்டிருந்த அவரைப் பேரலையொன்று பாறையில் மோதி இழுத்தது. உயிர் தப்பினார்; ஓவியச் சட்டகமும் வண்ணங்களும் கடலோடு போயின.

எத்ரெத்தா அக்காலத்தில் பாரிஸ் செல்வர் கோடையில் நீராடும் ஊர். மொனேயோ பெரும்பாலும் அவர்கள் நீங்கிய குளிர்மாதங்களையே தேர்ந்தார். அதனாற்போலும், கரையில் ஏற்றிய மீன்பிடிப் படகுகளும், கடலுக்குதவாத பழைய படகுகளுக்கு வைக்கோற் கூரை வேய்ந்த கொட்டில்களும் அவர் திரைகளில் இடம்பெற்றன.