மலையக மாணவருக்குத் திறந்த பாடங்கள்

எவரும் இலவசமாகப் படிக்கவும் பிரதி எடுக்கவும் மொழிபெயர்க்கவும் உரிமை வழங்கப்பட்டவையே திறந்த கல்வி வளங்கள். 2002 இல் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் இப்பெயர் பிறந்தது. 2019 இல் அவ்வமைப்பு இதற்கெனப் பரிந்துரையொன்றை ஏற்றது. எனினும் இவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. ஹட்டன், நுவரெலியா தோட்டங்களிலிருந்து தமிழ்மொழி மூலம் உயர்கல்வி பயிலும் தமிழ், முஸ்லிம் மாணவருக்கு இலவசம் மட்டும் போதாது.

2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களை எவருக்கும் திறந்துவிட்டது. ஆயினும் பழைய நூல்களைப் பேணுவது வேறு. இன்றைய பாடங்களை ஆக்குவது வேறு. பொதுப்பணத்தில் பல்கலைக்கழகங்கள் ஆக்கும் தமிழ்ப் பாடங்கள் திறந்த உரிமத்துடன் வெளிவரவேண்டும். இணையம் எட்டாத தோட்டங்களுக்கு அச்சுப்பிரதிகளாகவும் செல்லவேண்டும். கொழுந்து பறித்த சம்பளத்தில் படிக்கும் பிள்ளைக்கு இது சலுகையன்று, உரிமை என்பதே எமது நிலைப்பாடு.