போதையில் வாகனம் ஓட்டியோருக்கான சிகிச்சை ஏற்பாடு (கனடா)

போதையில் வாகனம் ஓட்டியோருக்கான சிகிச்சை ஏற்பாடு என்பது, குற்றவாளி போதை அடிமைநிலைக்குச் சிகிச்சை பெறும்வரை தண்டனை விதிப்பைத் தள்ளிவைக்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கும் சட்டவிதி ஆகும். இது கனடாவின் குற்றவியல் சட்டத்தின் 320.23 ஆம் பிரிவில் உள்ளது. 2018 டிசம்பர் 18 அன்று நடைமுறைக்கு வந்தது.

பின்னணி

கனடாவில் இக்குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை உண்டு. முதன்முறை 1,000 டாலர் தண்டம், இரண்டாம் முறை 30 நாள் சிறை, அதன்பின் ஒவ்வொரு முறையும் 120 நாள் சிறை. எனினும், சிறைவாசம் மட்டும் அடிமைநிலையைக் குணப்படுத்துவதில்லை. விடுதலையானவர் மீண்டும் குடித்துவிட்டு வாகனம் ஓட்டக்கூடும். இதுவே சிகிச்சைக்கு ஆதரவான முதன்மை வாதம் ஆகும்.

நிபந்தனைகள்

* அரசு வழக்குரைஞரும் குற்றவாளியும் இசைய வேண்டும்.
* சிகிச்சைத் திட்டம், குற்றவாளி வாழும் மாகாணத்தின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்.
* தண்டனை விதிக்கப்படும்வரை வாகனம் ஓட்டத் தடை விதிக்கப்படும்.
* பிறருக்குக் காயமோ உயிரிழப்போ விளைவித்த குற்றங்களுக்கு இது பொருந்தாது.

விளைவு

சிகிச்சையை வெற்றிகரமாக நிறைவு செய்தவருக்குக் குறைந்தபட்சத் தண்டனையையோ தொடர்ந்த ஓட்டுநர் தடையையோ விதிக்க வேண்டிய கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை. ஆயினும் குற்றத்தீர்ப்பு நீங்காது. முந்தைய சட்டத்தின் 255(5) ஆம் பிரிவு, குற்றத்தீர்ப்புப் பதிவாகாமலே நிபந்தனையுடன் விடுவிக்க இடமளித்தது. ஆனால் அது எல்லா மாகாணங்களிலும் நடைமுறையில் இருக்கவில்லை. புதிய விதி அவ்வாறு விடுவிப்பதைத் தடுக்கிறது. எனவே இது மன்னிப்பு அன்று. குற்றப்பொறுப்பை நிலைநிறுத்திக்கொண்டே தண்டனையைக் குறைக்கும் வழியாகும்.